ஊசி போடுகிறவர்கள் எதற்காகச் சங்கம் கூடுகிறார்கள்?

சென்ற இதழில், அறுவை மேசையில் நோயாளி விழித்துக்கொண்டிருப்பது பற்றி எழுதியபோது, உடலின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்யும் மயக்கவியல் மருத்துவர்கள் தமக்கென்று தனிச் சங்கங்கள் வைத்திருக்கிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி குறிப்பிட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே இம்மாதம் அதைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மனைவிக்குத் தோள்பட்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. மயக்க மருந்து கொடுத்த மருத்துவரின் அறையில், எம்.டி. பட்டத்துக்குப் பக்கத்தில் 'பகுதி மயக்கவியல் அகாடமியின் ஆயுள் உறுப்பினர்' என்ற சான்றிதழும் மாட்டியிருந்தது. இதுவும் ஒரு பட்டமா? மயக்க மருத்துவர்களுக்கு ஏற்கெனவே ஒரு சங்கம் இருக்கும்போது இது எதற்கு? (வாசகர், கும்பகோணம்)

பதில்: பட்டம் அன்று. மயக்கவியல் படித்த ஒருவர் கட்டணம் செலுத்தி அந்த அமைப்பில் சேர்ந்திருக்கிறார் என்பதற்கு மேல் அந்தச் சான்றிதழுக்குப் பொருள் கிடையாது.

மயக்கம் கொடுப்பதில் இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று, மூளையையே உறங்க வைப்பது. மற்றொன்று, வலி மூளைக்குப் போகும் பாதையில் நரம்பை மறித்துவிடுவது. இந்த இரண்டாவது வழியைத்தான் பகுதி மயக்கம் என்கிறோம். சிசேரியனுக்கு முதுகில் போடும் ஸ்பைனல் ஊசி, பிரசவ வலியைக் குறைக்க மெல்லிய குழாய் வழியாகக் கொடுக்கும் எபிடியூரல், கைக்கோ காலுக்கோ போகும் நரம்பைத் தேடிப்பிடித்து அதைச் சுற்றி மருந்தைச் செலுத்தும் நரம்பு பிளாக் ஆகியவை இதில் அடங்கும்.

உங்கள் மனைவிக்குப் பெரும்பாலும் கழுத்தின் பக்கவாட்டில்தான் பிளாக் போட்டிருப்பார்கள். அந்த இடத்தில் அல்ட்ராசவுண்ட் கருவியின் முனையை வைத்தால், இரண்டு தசைகளுக்கு நடுவே கறுப்பு வட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, சாலைச் சந்திப்பின் சிக்னல் விளக்குகளைப் போல அடுக்கியிருப்பது திரையில் தெரியும். தோளுக்கும் கைக்கும் போகும் நரம்பு வேர்கள் அவை. ஊசியின் முனை அவற்றைக் குத்தாமல் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். சற்றுத் தள்ளி நின்றால் மருந்து பலிக்காது, சற்று உள்ளே போனால் நரம்புக்குள்ளேயே இறங்கிவிடும். மூச்சுவிட உதவும் தசையான உதரவிதானத்தை இயக்கும் நரம்பும் அதே அக்கம்பக்கத்தில் ஓடுவதால், ஊசி போட்ட பக்கத்தில் உதரவிதானம் சில மணி நேரம் சரியாக இயங்காமல் போவதும் சாதாரணம். நுரையீரல் ஏற்கெனவே பழுதுபட்டவருக்கு அதுவே பெரிய சங்கடமாகிவிடும் என்பதால், மருந்தின் அளவை எவ்வளவு குறைக்கலாம், வேறு எந்த இடத்தில் மறிக்கலாம் என்ற ஆராய்ச்சி பல ஆண்டுகளாக நடந்துவருகிறது.

இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் 1947-இல் தோன்றியது. இருதய அறுவை, குழந்தைகள், தீவிர சிகிச்சை என்று எல்லாத் துறையினரும் அமரும் பெரிய பந்தல் அது. மேற்சொன்ன சில மில்லிமீட்டர்களைப் பற்றியே மணிக்கணக்கில் பேச விரும்புகிறவர்களுக்குத் தனியாக ஒரு திண்ணை தேவைப்பட்டது. அப்படி அமைந்ததுதான் ஏ.ஓ.ஆர்.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தியப் பகுதி மயக்கவியல் அகாடமி. இதில் நம் ஊர்ப் பங்கு சிறியதன்று. கோவை கங்கா மருத்துவமனை 1978-இல் தொடங்கப்பட்டபோது, அதைத் தொடங்கியவரே ஒரு மயக்கவியல் மருத்துவர்தான்; கை, கால் அறுவைக்குப் பெயர்பெற்ற அந்த இடத்தில் பிளாக் போடக் கற்றுக்கொள்ள நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இளம் மருத்துவர்கள் வருகிறார்கள்.

திறமைக்குச் சான்று வேண்டுமென்றால், ஒரு தேர்ந்த மையத்தில் ஃபெலோஷிப் முடித்திருக்கிறாரா என்று கேட்கலாம். அல்லது ஐரோப்பியச் சங்கம் எழுத்துத் தேர்வும் நேர்முகத் தேர்வும் வைத்து வழங்கும் ஈ.டி.ஆர்.ஏ. டிப்ளோமாவைப் பார்க்கலாம். இவை எதுவுமே இல்லாமல் ஆயிரக்கணக்கான பிளாக்குகளைப் பழுதின்றிப் போட்டவர்களும் நம் மாவட்ட மருத்துவமனைகளில் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி: இத்தகைய சங்கத்தை முதன்முதலில் யார், எப்போது தொடங்கினார்கள்? (ஓய்வுபெற்ற ஆசிரியை, மதுரை)

பதில்: 1884-இல் வியன்னாவைச் சேர்ந்த கார்ல் கோலர் கொக்கெய்ன் கரைசலைக் கண்ணில் விட்டு அதை மரத்துப்போகச் செய்தார். 1898 ஆகஸ்டில் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பீயர் முதல் ஸ்பைனல் மயக்கத்தைக் கொடுத்தார். சங்கம் என்ற ஒன்று உருவாக அதன்பின் கால் நூற்றாண்டு ஆயிற்று.

செஷல்ஸ் தீவில் பிறந்து, பாரிஸில் பயின்ற காஸ்டன் லபா என்ற மருத்துவர் 1920-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்குக்கு அழைக்கப்பட்டார். அறுவை மருத்துவர்களுக்குப் பகுதி மயக்கம் கற்பிப்பது அவருக்கு இட்ட வேலை. 1922-இல் அவர் எழுதிய பாடநூல் வெளிவந்தது. மறு ஆண்டு, நியூயார்க்கில் அவரைச் சூழ்ந்திருந்தவர்கள் ஒரு சங்கம் தொடங்கி, அதற்கு அவருடைய பெயரையே வைக்க விரும்பினார்கள். அவர் மறுத்துவிட்டதால் அது அமெரிக்கப் பகுதி மயக்கவியல் சங்கம் என்று ஆயிற்று. 1934-இல் லபா காலமானார். சில ஆண்டுகளில் அந்தச் சங்கமும் பொதுவான மயக்கவியல் சங்கத்தில் கரைந்து மறைந்தது.

முழு மயக்கத்துக்கான மருந்துகள் விரைவாக மேம்பட்ட காலம் அது. ஊசியின் மேல் இருந்த ஆர்வம் தானாகவே வற்றியது. இங்கிலாந்தில் அச்சமும் சேர்ந்துகொண்டது. 1947 அக்டோபரில் செஸ்டர்ஃபீல்டு நகரில், ஒரே நாளில், ஒரே மருத்துவரிடம் ஸ்பைனல் போட்டுக்கொண்ட உல்லி, ரோ என்ற இருவர் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து போனார்கள். மருந்துக் குப்பிகளைக் கிருமிநீக்கம் செய்ய ஃபீனாலில் ஊறவைத்தபோது, கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாக அது உள்ளே கசிந்திருக்கலாம் என்று அன்றைய நீதிமன்றம் கருதியது. கிருமிநீக்கும் கொதிகலத்தின் உப்புப் படிவை அகற்றப் பயன்படுத்திய அமிலம் கருவிகளில் தங்கியிருக்கலாம் என்று பிற்காலத்தவர் கருதினர். 1954-இல் மேல்முறையீட்டில் தீர்ப்பளித்த நீதிபதி டென்னிங், 1947-இல் நடந்ததை 1954-இன் கண்ணாடி அணிந்து பார்க்கக் கூடாது என்று சொல்லி மருத்துவரைக் குற்றத்திலிருந்து விடுவித்தார். ஆனால் அந்த நாட்டில் ஸ்பைனல் ஊசி பல ஆண்டுகளுக்குத் தலைதூக்கவில்லை.

அமெரிக்கச் சங்கம் 1975-இல் மீண்டும் உயிர்பெற்றது. அதை எழுப்பிய ஐவரில் ஒருவர் இந்திய வம்சாவளியினரான பிருத்வி ராஜ் என்பது நம் மருத்துவ மாணவர்களில் பலருக்குத் தெரியாது. மற்றவர்கள் வின்னி, பிரைடன்பா, கேரன், காட்ஸ். அடுத்த ஆண்டே ஓர் ஆய்விதழும் தொடங்கிவிட்டார்கள். ஐரோப்பியச் சங்கத்தின் முதல் மாநாடு 1982-இல் எடின்பரோவில் கூடியது. இன்று லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசிய-ஓசியானியா ஆகியவற்றுக்கும் இத்தகைய அமைப்புகள் உண்டு.

கேள்வி: என் தந்தைக்கு மூட்டு மாற்று அறுவை. அவர் இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுத்துக்கொள்பவர். இருதய மருத்துவர் ஒரு கணக்கும், எலும்பு மருத்துவர் ஒரு கணக்கும் சொல்ல, மயக்க மருத்துவர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லி அறுவையை ஒரு நாள் தள்ளி வைத்துவிட்டார். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகர், சேலம்)

பதில்: முதுகில் ஊசி இறங்குவதாக இருந்தால், ஊசி போடுகிறவர் சொல்லும் கணக்குக்குத்தான் மற்ற இருவரும் இணங்க வேண்டும். அந்தக் கணக்கு அவருடைய சொந்தக் கணக்கு அன்று. அதன் பின்னால் ஒரு துயரக் கதை இருக்கிறது.

எனாக்ஸாபரின் என்ற ஊசி மருந்தை உங்கள் தந்தையின் மருந்துச் சீட்டிலும் பார்த்திருக்கலாம். அறுவைக்குப் பின் காலில் இரத்தக் கட்டி உண்டாகாமல் இருக்க வயிற்றுத் தோலில் போடுவது. ஐரோப்பாவில் இதை நாளுக்கு ஒரு முறை 40 மில்லிகிராம் என்று சில ஆண்டுகளாகக் கொடுத்துவந்தார்கள். பெரிய தொந்தரவு எதுவும் தென்படவில்லை. 1993-இல் அமெரிக்காவுக்கு வந்தபோது அங்கே 30 மில்லிகிராம், ஆனால் நாளுக்கு இரு முறை என்று வழக்கமாயிற்று. அடுத்த ஐந்தாண்டுகளுக்குள், ஸ்பைனலோ எபிடியூரலோ போட்டுக்கொண்டவர்களில் 40-க்கும் மேற்பட்டோருக்குத் தண்டுவடத்தைச் சுற்றி இரத்தம் தேங்கியதாகச் செய்திகள் வந்து சேர்ந்தன. அவர்களில் பலருக்குக் கால்கள் செயலிழந்தன.

முதுகெலும்புக் குழாய் விரிந்து கொடுக்காத எலும்புக் கூடு. அதற்குள் சிறிது இரத்தம் தேங்கினாலும் தண்டுவடம் நசுங்கும். ஒரு நாளைக்கு ஒரு முறை என்றால், அடுத்த வேளைக்கு முன் மருந்தின் வேகம் தணிந்திருக்கும் சில மணி நேரம் கிடைக்கும். குழாயைச் செருகவும் உருவவும் அதுவே தக்க நேரம். இரண்டு முறை என்றால் அந்த இடைவெளி அடைபட்டுப் போகிறது. 1997 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விடுத்தது.

இதில் நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. அந்த 40-க்கும் மேற்பட்டோருக்கு ஊசி போட்ட மருத்துவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில், தத்தம் நோயாளியின் படுக்கையருகே நின்று, இது தம் கைப்பிழையோ என்றுதான் நினைத்திருப்பார்கள். முப்பது ஆண்டுகள் தொழில் செய்தாலும் ஒருவர் இத்தகைய விபத்தை ஒரு முறை சந்தித்தால் அதிகம். ஒரு முறை சந்தித்ததை வைத்து யாரும் விதி வகுக்க முடியாது; எல்லாருடைய ஒரு முறைகளையும் ஓரிடத்தில் கொட்டிப் பார்த்தால்தான் காரணம் புலப்படும். அமெரிக்கச் சங்கம் 1998-இல் வல்லுநர்களைக் கூட்டி அதைச் செய்தது. எந்த மருந்தை நிறுத்தி எத்தனை மணி நேரம் கழித்து ஊசி போடலாம், குழாயை உருவிய பின் அடுத்த வேளையை எப்போது தொடங்கலாம் என்று அவர்கள் வகுத்த வழிகாட்டி பலமுறை திருத்தப்பட்டு, 2025-இல் ஐந்தாம் பதிப்பாக வந்திருக்கிறது.

உங்கள் மருத்துவர் சொன்ன கணக்கு பெரும்பாலும் இதிலிருந்து வந்ததுதான். கட்டி வராமல் தடுக்கும் குறைந்த அளவில் எனாக்ஸாபரின் எடுப்பவருக்குக் குறைந்தது 12 மணி நேரம், வந்த கட்டிக்குச் சிகிச்சையாகக் கூடிய அளவில் எடுப்பவருக்கு 24 மணி நேரம் இடைவெளி வேண்டும். இரத்தம் கட்டாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரை என்றால் 5 முதல் 7 நாட்கள். ஆஸ்பிரின் மட்டும் என்றால் ஸ்பைனலுக்கு அது தடை ஆகாது. இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே எந்த மாத்திரையையும் நிறுத்திவிட வேண்டாம். இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் குளோபிடோக்ரெலைத் தன் விருப்பத்துக்கு நிறுத்துவது, முதுகு ஊசியைவிடப் பல மடங்கு ஆபத்தானது. மருந்தை நிறுத்த முடியாதவருக்கு முழு மயக்கம் கொடுப்பது தோல்வியும் அன்று.

கேள்வி: ஆறு ஆண்டுகளுக்கு முன் சிசேரியனுக்காக முதுகில் ஊசி போட்டார்கள். அன்று முதல் இன்று வரை இடுப்பு வலி. என் மாமியார் அந்த ஊசியைத்தான் குற்றம் சொல்கிறார். இப்போது என் தங்கைக்கு மாதம் நெருங்குகிறது. ஊசியே வேண்டாம், கால் விளங்காமல் போய்விடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. ஊசி குத்திய இடத்தில் சில நாட்கள் வலி இருப்பது உண்மை. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் இடுப்பு வலிக்கு ஊசி காரணமில்லை என்றே, ஊசி போட்டுக்கொண்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள் காட்டுகின்றன. கர்ப்பத்தில் தளர்ந்த தசைநார்கள், குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டே செய்யும் வேலை, குனிந்தபடி பால் கொடுக்கும் பழக்கம் எல்லாம் சேர்ந்து, ஊசியே போடாத தாய்மார்களுக்கும் அதே வலியைத் தருகின்றன. உங்கள் வலிக்குக் காரணம் ஊசி அன்று என்பதால் அதைப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று பொருளில்லை. ஆறு ஆண்டு வலியை எலும்பு மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ பார்க்க வேண்டும்.

கால் விளங்காமல் போவது பற்றி: பிரிட்டனின் மயக்கவியல் ராயல் கல்லூரி, அந்நாட்டு மருத்துவமனைகள் அனைத்திலும் ஓராண்டில் முதுகில் போடப்பட்ட மயக்க ஊசிகளையும் அவற்றால் நேர்ந்த கேடுகளையும் கணக்கெடுத்து, முடிவை 2009-இல் வெளியிட்டது. மொத்தம் ஏழு லட்சத்துக்கும் அதிகமான ஊசிகள். நிரந்தரப் பாதிப்பு, சந்தேகமான நேர்வுகளையெல்லாம் ஊசியின் தலையில் கட்டினாலும், லட்சத்துக்கு 4.2, சந்தேகமானவற்றை விலக்கினால் லட்சத்துக்கு 2. மகப்பேற்றுக்காகப் போடப்பட்டவற்றில் அது இன்னும் குறைவு. உங்கள் வீட்டாரிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

தங்கை அறிந்துகொள்ள வேண்டிய உண்மையான தொந்தரவு வேறு: தலைவலி. எழுந்து உட்கார்ந்தால் மண்டை பிளப்பது போலவும், படுத்தால் தணிவதுமாக ஓரிரு நாளில் தொடங்கும். ஊசித் துளை வழியாகத் தண்டுவட நீர் கசிவதால் வருவது. இதை முதலில் அனுபவித்தவர்களில் ஒருவர் ஸ்பைனலைக் கண்டறிந்த பீயரேதான். தம் உதவியாளர் ஹில்டெபிராண்டைக் கொண்டு தம் முதுகிலேயே ஊசி போட்டுப் பார்க்க முனைந்தபோது, சிரிஞ்சு ஊசியோடு பொருந்தாமல் நீர் வழிந்தோட, சோதனை கெட்டது. உடனே இடம் மாறி ஹில்டெபிராண்டுக்கு ஊசி போட்டார். ஊசி பலித்ததா என்று பார்க்க அவருடைய கால் எலும்பில் இரும்புச் சுத்தியலால் தட்டினார். அன்றிரவு இருவரும் ஒயின் அருந்திச் சுருட்டுப் பிடித்து மகிழ்ந்தார்கள். பிறகு பீயர் ஒன்பது நாட்கள் தலைவலியோடு படுக்கையில் கிடந்தார்.

இன்றைய ஊசிகள் பென்சில் முனை போல இழைகளை வெட்டாமல் விலக்கிச் செல்வதால் இந்தத் தலைவலி வெகுவாகக் குறைந்திருக்கிறது. வந்தால் என்ன செய்வது என்பதற்கு, அமெரிக்க, ஐரோப்பியச் சங்கங்கள் உள்ளிட்ட பல அமைப்புகள் சேர்ந்து 2023-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கின்றன. தலைவலி தாங்க முடியாததாக இருந்தால், நோயாளியின் கையிலிருந்தே சிறிது இரத்தம் எடுத்து முதுகின் அந்த இடத்தில் செலுத்திக் கசிவை அடைக்கும் சிகிச்சை உண்டு. பிரசவம் முடிந்து வீடு திரும்பிய பின் தலைவலி வந்தால், 'பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று இருந்துவிடாமல் மருத்துவமனைக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் அறுவை அரங்கில் பணியாற்றும் செவிலியர். மருத்துவர்கள் மாநாட்டுக்குப் போய் வருகிறார்கள். அங்கே பேசுவது எங்களுக்கு வந்து சேர்வதில்லை. நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவும் இல்லையா? (வாசகி, கோவை)

பதில்: உங்கள் குறை நியாயமானது. இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன். இரண்டிலும் உங்கள் கைதான் முதலில் நிற்க வேண்டும்.

என் தொழிலின் பதினோராவது ஆண்டு என்று நினைவு; ஊரும் மருத்துவமனையும் வேண்டாம். வலது முழங்காலுக்கு அறுவை. நோயாளி உள்ளே வந்தார், பெயர், பக்கம் எல்லாம் சரிபார்த்தாயிற்று. பிறகு அவரைத் திருப்பிப் படுக்க வைத்தோம், போர்வை மாற்றினோம், அல்ட்ராசவுண்ட் கருவியை மேசையின் மறுபுறம் தள்ளினோம், நடுவில் ஒரு தொலைபேசி அழைப்பும் வந்தது. தொடையை மருந்து போட்டுத் துடைத்து, கையில் ஊசியை எடுத்துவிட்டேன். அப்போது மூத்த செவிலியர் ஒருவர் மெல்ல, "மேடம், அம்புக்குறி அந்தக் காலில் இல்லையா?" என்றார். போர்வையை விலக்கினேன். நீல மையில் வரைந்த அம்பு மற்றக் காலில் இருந்தது. சரிபார்த்ததற்கும் ஊசி எடுத்ததற்கும் இடையே பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

இது என் ஒருத்தியின் கவனக்குறைவு என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். பிரிட்டனில் நாட்டிங்காமில் தொடங்கி, அங்குள்ள பகுதி மயக்கவியல் சங்கத்தின் ஆதரவோடு 2011-இல் நாடு முழுவதும் பரப்பப்பட்ட 'பிளாக் போடுமுன் நில்' என்ற இயக்கத்தைப் பற்றிப் படித்தபோதுதான், அங்கேயும் இதே வரிசையில் தவறுகள் நடந்திருப்பது தெரிந்தது: முன்னதாகவே சரிபார்ப்பது, பின் நோயாளியைத் திருப்புவது, குறியைப் போர்வை மறைப்பது, கவனம் சிதறுவது. அவர்கள் சொன்ன மருந்து எளிது. ஊசி தோலைத் தொடுவதற்குச் சற்று முன், மருத்துவரும் உதவியாளரும் ஒருசேர நின்று, அம்புக்குறியைக் கண்ணால் பார்த்து, நோயாளி விழித்திருந்தால் அவரையும் கேட்டு, எந்தப் பக்கம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லச் சொல்லி மருத்துவரை நிறுத்தும் உரிமை உங்களுக்கு உண்டு, கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.

இரண்டாவது, மரப்பு மருந்து தவறி இரத்தக் குழாயில் போய்விடுவது. வாயைச் சுற்றி மரமரப்பு, நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல் என்று நோயாளி சொன்னால், அது வலிப்புக்கும் இதய நிறுத்தத்துக்கும் முன்னறிவிப்பாக இருக்கலாம். மரப்பு மருந்துகளில் ஒன்றான பூபிவக்கெய்ன் இதயத்தை நிறுத்திவிட்டால் மீட்பது மிகக் கடினம் என்ற எச்சரிக்கை 1979-இலேயே ஆய்விதழில் எழுதப்பட்டது. 1998-இல் கை வைன்பெர்க் குழுவினர், நரம்பு வழி ஊட்டமாகக் கொடுக்கும் வெண்ணிறக் கொழுப்புத் திரவம் எலிகளை இதிலிருந்து காப்பதைக் கண்டார்கள். 2006-இல் மனிதர் ஒருவர் அதனால் பிழைத்த செய்தி வெளியாயிற்று. 2010-இல் அமெரிக்கச் சங்கம் அதை வழிகாட்டியில் முறைப்படி சேர்த்தது. 20 சதவீதத் திரவம், உடல் எடையில் கிலோவுக்கு 1.5 மில்லி வீதம் முதலில் செலுத்தி, பின் சொட்டாகத் தொடர்வது. நீங்கள் செய்ய வேண்டியது, உங்கள் அரங்கில் அந்தப் பாட்டில் எந்த அலமாரியில் இருக்கிறது, காலாவதி தேதி என்ன என்று நாளைக் காலையே பார்ப்பது. மருந்தகத்தில் பூட்டி வைத்து, சாவி வேறொருவரிடம் இருக்கிறதென்றால் அது இல்லாததற்குச் சமம்.

கேள்வி: நான் முதுநிலை மயக்கவியல் மாணவன். ஒவ்வொரு மாநாட்டிலும் புதிய பிளாக் ஒன்றை அறிவிக்கிறார்கள். ஒரே பிளாக்குக்கு மூன்று பெயர்கள். ஒரே பெயரில் இரண்டு பிளாக்குகள். சங்கத்தில் சேர்ந்தால் தெளிவு பிறக்குமா, குழப்பம் கூடுமா? (வாசகர், சென்னை)

பதில்: முதலில் கூடும். தம்பி, நான் படித்த காலத்தில் நரம்பைத் தேடுவதற்குக் கையில் மின்தூண்டியும் மனத்தில் உடற்கூறும் மட்டுமே இருந்தன. 1994-இல் வியன்னாவில் கப்ரால் குழுவினர் காறை எலும்புக்கு மேலே அல்ட்ராசவுண்டில் பார்த்துப் பிளாக் போட்டதை எழுதிய பிறகு, தசைகளுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு இடுக்கும் யாரோ ஒருவருக்குப் புதிய பிளாக்காகத் தெரியத் தொடங்கிவிட்டது. 2016-இல் வந்த எரெக்டார் ஸ்பைனே பிளாக்கைப் போலச் சில உண்மையாகவே நிலைத்தன. மற்றவற்றில் பலவும் கட்டுரை எழுதியவரைத் தவிர வேறொருவருக்கும் தேவைப்படாதவை.

இந்தக் குழப்பத்தை உண்டாக்கியதில் சங்கங்களுக்கும் பங்கு உண்டு. தீர்க்க முயல்வதும் அவையே. மார்பு, வயிற்றுச் சுவர், முதுகுப் பக்கப் பிளாக்குகளுக்கு ஒரே சீரான பெயர்களை அமெரிக்க, ஐரோப்பியச் சங்கங்கள் சேர்ந்து 2021-இல் வரையறுத்தன. பிரிட்டனிலிருந்து கிளம்பிய இன்னொரு யோசனை உங்களுக்கு நேரடியாகப் பயன்படும்: எல்லாரும் எல்லாவற்றையும் கற்க வேண்டாம், ஏழே ஏழு பிளாக்குகளை எல்லாரும் நன்றாகக் கற்கட்டும். தோளுக்கு இன்டர்ஸ்கேலீன், கைக்கு ஆக்ஸிலரி, தொடைக்கு ஃபெமொரல், முழங்காலுக்கு அடக்டர் கெனால், பாதத்துக்குப் பாப்லிட்டியல் சயாட்டிக், மார்புச் சுவருக்கு எரெக்டார் ஸ்பைனே, வயிற்றின் நடுக்கோட்டுக்கு ரெக்டஸ் ஷீத். இந்த ஏழும் கைவந்த பிறகு மாநாட்டுக்குப் போங்கள். போனால் மேடையில் நடக்கும் உரையைவிட, இறைச்சித் துண்டில் ஊசி செலுத்திப் பழகும் பயிலரங்குக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். தேநீர் வேளையில் மூத்தவர்கள் தங்களுக்குத் தவறிப்போன பிளாக்குகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள், அங்கேயும் போய் நில்லுங்கள்.

கேள்வி: இந்த மாநாடுகளுக்கெல்லாம் பணம் கொடுப்பது ஊசி, கருவி நிறுவனங்கள்தானே? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: உறுப்பினர் கட்டணமும் உண்டு, நிறுவனங்களின் பணமும் உண்டு. அரங்கின் வாசலில் நுழைந்தவுடன் கடைகளைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது. வழிகாட்டி எழுதுகிறவர்கள் யாரிடம் என்ன பெற்றார்கள் என்பதைக் கட்டுரையின் முடிவில் அச்சிட வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதை நான் முதலில் படித்துவிட்டுத்தான் மேலே போவேன்.

கேள்வி: என் பாட்டிக்கு 84 வயது. வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. வயதானவர்களுக்கு முழு மயக்கம் கூடாது, முதுகு ஊசிதான் நல்லது என்று சங்கத்து மருத்துவர்கள் சொல்வார்களாமே? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தோம். 2021-இல் வெளியான ரீகெய்ன் என்ற ஆய்வு 1,600 இடுப்பு முறிவு நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஸ்பைனலும் மற்றதற்கு முழு மயக்கமும் கொடுத்தது. 60 நாட்களுக்குப் பிறகு எத்தனை பேர் உயிரோடு இருந்தார்கள், எத்தனை பேர் நடந்தார்கள் என்று பார்த்தபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அறுவைக்குப் பின் வரும் மனக்குழப்பமும் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. எங்களில் பலருக்கு அது கசப்பாகத்தான் இருந்தது. பாட்டியின் இதயம், நுரையீரல், எடுத்துக்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் எதைத் தேர்ந்தாலும் அச்சப்பட வேண்டாம்.

ஆனால் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். இடுப்பு முறிந்தவரை எக்ஸ்ரேவுக்காகப் புரட்டும்போதுதான் உயிர் போகும் வலி. அவசரப் பிரிவிலேயே தொடை மடிப்பில் ஒரு நரம்பு பிளாக் போட்டுவிட்டால், அறுவைக்குக் காத்திருக்கும் நேரத்தில் அவர் ஓரளவாவது உறங்குவார். மார்ஃபின் போன்ற மருந்துகளின் தேவையும் குறையும். பத்து நிமிட வேலை. பணியிலிருக்கும் மயக்கவியல் மருத்துவரை அழைத்து, "பாட்டிக்கு வலிக்கு பிளாக் போட முடியுமா டாக்டர்?" என்று இன்றே கேளுங்கள்.